ஒரு பருவத்தின் பாடு

எங்கள் கடற்கரையில் இருவர் சந்தித்தால் முதலில் கேட்கப்படுவது நலம் அன்று, பாடு. “இன்னைக்குப் பாடு எப்படி?” என்பதற்கு மீன் கிடைத்ததா, வலை நிறைந்ததா, கடல் கொடுத்ததா என்று பொருள். கடலோடி ஒருவன் பருவம் முழுவதையும் இந்த ஒற்றைச் சொல்லாலேயே அளந்துவிடுவான். 2018 அக்டோபர் முதல் 2019 மார்ச் வரையிலான ஆறு மாதங்கள், நான் அப்போது பணியாற்றிய தூத்துக்குடிக் கடற்கரைப் பங்கில் இக்கேள்விக்கு இன்னொரு பொருளும் இருந்தது. காலைத் திருப்பலி முடித்து நான் வெளியே வரும்போது, வலைப்பொதியைத் தோளில் சுமந்தபடி ஓர் இளைஞன் கேட்பான்: “நேத்துப் பாடு என்ன ஃபாதர்?” அவன் கேட்டது மீனைப் பற்றி அன்று. கோயம்புத்தூரிலோ கொல்கத்தாவிலோ கோவாவிலோ சென்னை சிட்டி என்னும் கால்பந்து அணி முந்தின மாலை ஆடிய ஆட்டத்தைப் பற்றிக் கேட்டான்.

அந்தப் பருவத்தைப் பற்றி எழுதவேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். விளையாட்டைப் பற்றி ஒரு பங்குக்குரு எழுதுவதா என்று தயங்குவோர்க்கு ஒன்று சொல்வேன். விளையாட்டிலும் ஒரு நற்பண்பு உண்டா என்ற வினாவைத் தூய தோமா அக்குவினார் தம் பெருநூலில் எழுப்பி, உண்டு என்றே விடை தந்திருக்கிறார். ஓயாமல் நாணேற்றிய வில் முறியும் என்பது அவர் எடுத்தாளும் பழங்கதை. இருபதாம் நூற்றாண்டில் இயேசு சபைக் குரு ஹூகோ ரானர், விளையாடும் மனிதனைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். குருமடத்தில் இவற்றைப் படித்தபோது, மாலை நான்கரை மணிக்குத் திடலுக்கு ஓடுவதற்கு நல்ல சாக்குக் கிடைத்தது என்று நாங்கள் மகிழ்ந்தோம். அதற்குமேல் ஒன்றும் தோன்றவில்லை. அவ்வரிகளின் கனம் எனக்கு விளங்கியது 2018ஆம் ஆண்டில்தான்.

அந்த ஆண்டு மே 22 அன்று எங்கள் நகரில் நிகழ்ந்ததை வாசகர் அறிவர். தாமிர உருக்காலையை எதிர்த்து ஆட்சியர் அலுவலகம் நோக்கிச் சென்ற மக்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 13 பேர் இறந்தனர். அவர்களுள் பள்ளிப்படிப்பை அப்போதுதான் முடித்திருந்த ஒரு பெண்பிள்ளையும் உண்டு. பல நாள்கள் இணையம் துண்டிக்கப்பட்டுக் கிடந்தது. பின்பு இணையம் வந்தது, கடைகள் திறந்தன, படகுகள் கடலுக்குச் சென்றன. ஆயினும் ஒன்று மட்டும் திரும்பவில்லை. இளைஞர்கள் ஓரிடத்தில் கூடி நிற்பதை விட்டுவிட்டார்கள். வழக்குகள் பதிவாகியிருந்தன. எந்தப் பெயர் எந்தப் பட்டியலில் இருக்கிறதோ என்னும் அச்சம் ஒவ்வொரு வீட்டிலும் இருந்தது. மாலையில் கடற்கரை மணலில் நடக்கும் பந்தாட்டமும் நின்றது. அன்னையர் தம் மக்களை விளக்கு வைத்ததும் வீட்டுக்குள் அழைத்துக்கொண்டனர். ஆரவாரம் இல்லாத கடற்கரை ஊரை நான் அதற்குமுன் கண்டதில்லை.

அக்டோபரில் ஐந்தாறு பிள்ளைகள் என்னிடம் வந்து, பங்கு மன்றத்திலுள்ள தொலைக்காட்சியில் கால்பந்து பார்க்க விடுவீர்களா என்று கேட்டார்கள். பங்குப் பேரவையில் மூத்தவர் ஒருவர் கவலையுடன் மறுத்தார். “பத்துப் பய ஒரு இடத்துல உக்காந்தா கேள்வி வரும் சாமி. பந்து பாக்கத்தான் உக்காந்தானுவன்னு யார்ட்டப் போய்ச் சொல்லுறது?” என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. கேள்வி வந்தால் நான் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். மன்றத்தின் கதவுகளையும் சன்னல்களையும் அகலத் திறந்து வைத்தோம். தெருவில் போகிறவர் எவரும் உள்ளே என்ன நடக்கிறது என்று காணலாம். அவ்வாறுதான் எங்கள் பருவம் தொடங்கியது.

ஏன் சென்னை சிட்டி? இதற்கு விடை சொல்லச் சற்றுச் சுற்றி வரவேண்டும். 1946இல் நேதாஜி விளையாட்டுக் கழகம் என்ற பெயரில் சென்னையில் தோன்றிய அமைப்பு அது. 2016–17 பருவத்தில்தான் இந்தியாவின் ஐ-லீக் போட்டிக்குள் வந்தது. முதல் இரண்டு பருவங்களிலும் அட்டவணையின் கீழ்ப்பாதியில் கிடந்தது. பெயரில் சென்னை; ஆடுவதோ கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கில். பயிற்சியாளர் அக்பர் நவாஸ் சிங்கப்பூர்க்காரர். கோல் அடிக்கும் பெத்ரோ மான்சி உருகுவேயில் பிறந்து, ஸ்பெயினில் பெயர்பெறாத கழகங்களில் ஆடியவர். நடுக்களத்தில் நெஸ்டர் கோர்டில்லோ கானரித் தீவுக்காரர். “இதில் நம்முடையது என்ன இருக்கிறது? பணம் கொடுத்துக் கூட்டிய படைதானே?” என்று என் குருமடத்து நண்பர் ஒருவர் கேலி செய்தார். துறைமுகத்து ஊரில் பிறந்தவர்களுக்கு இக்கேள்வி உறைப்பதில்லை. எங்கள் கரையில் வந்து இறங்கியவர் எத்தனையோ நாட்டினர். வந்தவர் என்ன செய்தார் என்பதைத்தான் எங்கள் ஊர் பார்த்துப் பழகியிருக்கிறது.

பிள்ளைகளின் கணக்கு வேறு. அவர்களுக்கு அந்த அணி மைக்கேல் சூசைராஜின் அணி. கன்னியாகுமரி மாவட்டத்து இரவிபுத்தன்துறை என்னும் மீனவர் ஊரில் பிறந்து, சென்னை சிட்டிக்கு ஆடி நாடறியப் பெயர் பெற்றவர் அவர். தூத்தூர் வட்டாரம் என்று நாம் சொல்லும் அந்தக் கடற்கரை, தமிழ்நாட்டில் இருந்தாலும் திருவனந்தபுரம் இலத்தீன் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்கிச் சுறா பிடிப்பதற்கும், கரையில் இருக்கும் நாள்களில் கால்பந்து ஆடுவதற்கும் பெயர்பெற்ற ஊர்கள் அவை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி வீசியபோது, அப்புயலின் பேரிழப்பைச் சுமந்தவையும் அவ்வூர்களே. அந்தத் துயரத்துக்குப் பிந்தைய மாதங்களில் அக்கரையின் பிள்ளை ஒருவன் பந்தைக் காலில் சேர்த்துக்கொண்டு ஓடியதை எங்கள் பிள்ளைகள் கைப்பேசியில் பார்த்திருந்தார்கள். ஆனால் 2018–19 பருவம் தொடங்கும் முன்பே சூசைராஜ் ஜாம்ஷெட்பூர் அணிக்குச் சென்றுவிட்டார். அவர் சகோதரர் மைக்கேல் ரெஜின் சென்னை சிட்டியில் இருந்தார். அண்ணன் தம்பியருள் ஒருவர் இருந்தால் உறவு அறுவதில்லை என்பது கடற்கரை வழக்கம். பிள்ளைகள் அணி மாறவில்லை.

அக்டோபர் 26 அன்று முதல் ஆட்டம். இந்தியன் ஏரோஸ் என்னும் இளையோர் அணிக்கு எதிராக 4–1. மான்சி ஒருவரே மூன்று கோல் அடித்தார். மன்றத்தில் அன்று பதினொரு பேர் இருந்தார்கள். எண்ணிப் பார்த்ததற்குக் காரணம், கேள்வி வந்தால் சொல்லவேண்டுமே என்பதுதான். நாலாவது கோல் விழுந்தபோதும் எவரும் கத்தவில்லை. ஒருவன் கையைத் தட்டினான். மற்றவர்கள் சன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அந்தத் திரும்பிப் பார்த்தல் என்னை மிகவும் வருத்தியது. பதினெட்டு வயதுப் பிள்ளைகள் மகிழ்வதற்குமுன் வெளியே யார் என்று பார்க்கிறார்கள்.

நவம்பர் 13 அன்று கொல்கத்தாவில் ஈஸ்ட் பெங்கால் அணியுடன் ஆட்டம். 1920இல் தோன்றிய கழகம் அது. நாட்டுப் பிரிவினைக்குப்பின் கிழக்கு வங்கத்திலிருந்து வந்து குடியேறியோரின் நெஞ்சோடு கலந்துபோன பெயர். தேசிய லீக்கை அவர்கள் கடைசியாக வென்றது 2003–04 பருவத்தில். அதன்பின் ஆண்டுதோறும் காத்திருந்து ஏமாந்தவர்கள். எதிரணிமீது இத்தனை அனுதாபத்துடன் ஓர் ஆட்டத்தைப் பார்க்கக் கூடாதுதான். எனினும், ஊரை விட்டு வந்தவர்கள் ஓர் அணியைப் பற்றிக்கொண்டு நிற்பது எனக்கு விளங்கும் செய்தி. கஜா புயல் வங்கக் கடலில் சுழன்றுகொண்டிருந்த நாள்கள் அவை. ஒக்கி கற்பித்த பாடத்தால் எச்சரிக்கையை மதித்து எங்கள் படகுகள் கரையிலேயே கிடந்தன. ஆகவே பிள்ளைகள் மட்டுமன்றிக் கடலுக்குப் போகாத பெரியவர்களும் மன்றத்துக்கு வந்துவிட்டார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். விசைப்படகில் தொழில் செய்வோருக்கும் நாட்டுப்படகுக்காரருக்கும் இடையே எங்கள் கரையில் நெடுநாள் மனக்கசப்பு உண்டு. கரையோரம் வரை வந்து இழுவைமடி இழுக்கிறார்கள், எங்கள் வலைகளை அறுத்துவிடுகிறார்கள் என்பது ஒரு பக்கத்தின் குறை. அரசு விதித்த நாள்களையும் நேரத்தையும் நாங்கள் மட்டும் ஏன் சுமக்கவேண்டும் என்பது மறுபக்கத்தின் குறை. கோவிலில்கூட இரு தரப்பாரும் தனித்தனியே நிற்பதை நான் கண்டிருக்கிறேன். நவம்பர் 13 அன்று மன்றத்தில் பாய்கள் போதவில்லை. எவர் எவரருகே அமர்ந்தார் என்று பார்ப்பதற்குள் ஆட்டம் தொடங்கிவிட்டது. சென்னை சிட்டி 2–1 என்று வென்றது. வெற்றி உறுதியான நொடியில் எழுந்த கூச்சல் தெருமுனைவரை கேட்டது. இம்முறை எவரும் சன்னலைப் பார்க்கவில்லை. பேரவையின் மூத்தவர் எழுந்துபோய்த் தொலைக்காட்சியின் ஒலியை இன்னும் சற்றுக் கூட்டினார்.

அந்த ஒரு மாலையில் கடற்பகை தீர்ந்தது என்று நான் எழுதமாட்டேன். தீரவில்லை, இன்றும் முழுதாகத் தீரவில்லை. டிசம்பரில் வலை அறுந்த வழக்கொன்று மறுபடியும் பங்கு இல்லம் வரை வந்தது. ஆயினும் புது வழக்கம் ஒன்று முளைத்தது. விசைப்படகுகளில் வயர்லெஸ் உண்டு; பெரும்பாலான வள்ளங்களில் இல்லை. கரையைவிட்டு ஓரளவு தொலைவு போனால் கைப்பேசியும் உறங்கிவிடும். ஆட்ட நாள்களில் கரைக்கு அருகிலிருந்த படகு கோல் கணக்கை வயர்லெஸில் சொல்லும். அடுத்த படகு அதை அப்பாலுள்ள படகுக்குச் சொல்லும். வள்ளத்துக்காரர் எட்ட நின்று கையசைத்துக் கேட்பார். விசைப்படகின் முகப்பில் நிற்பவர் விரல்களைக் காட்டுவார், இந்தக் கையில் நம் கோல், அந்தக் கையில் அவர்கள் கோல் என்று. இதை எனக்குச் சொன்ன வள்ளத்துக்காரர், “பேசல சாமி, விரலத்தான் காட்டுனானுவ” என்று கறாராகத் திருத்திக்கொண்டார்.

பருவத்தின் நடுப்பகுதியை விரைவாகவே கடந்துவிடுகிறேன். ஐ-லீகில் அப்போது 11 அணிகள். ஒவ்வொன்றுக்கும் 20 ஆட்டங்கள். சென்னை சிட்டி அடித்துக்கொண்டே போனது, வாங்கிக்கொண்டும் இருந்தது. தற்காத்து ஆடி ஒரு கோலில் வெல்லும் பொறுமை அவ்வணிக்கு இல்லை. அந்தக் காலத்து இந்தியன் வங்கி அணியின் ஆட்டத்தைச் செய்தித்தாளில் படித்து வளர்ந்த எனக்கு அது சில வேளைகளில் பொறுப்பின்மையாகவே பட்டது. பிள்ளைகளுக்கோ அதுதான் பிடித்தது. ஆண்டின் பிற்பகுதியில் எல்லா ஆட்டங்களும் தொலைக்காட்சியில் வரவில்லை. அந்நாள்களில் எவராவது ஒருவன் கைப்பேசியில் எழுத்துச் செய்தியாக வருவதை உரக்கப் படிப்பான். மற்றவர்கள் கண்களை மூடிக்கொண்டு கேட்பார்கள். இதைப் பார்த்தபோது, படம் இல்லாத வானொலியில் நாங்கள் கேட்ட வருணனைகளே நினைவுக்கு வந்தன.

சனவரி 14, போகி நாளன்று ஈஸ்ட் பெங்கால் கோயம்புத்தூருக்கு வந்தது. ஒரு வேனை அமர்த்தி என்னையும் அழைத்துச் சென்றார்கள். அரங்கத்துக்கு அருகே வ.உ.சி. பூங்கா. பெயர்ப்பலகையைக் கண்டதும் வேனுக்குள் ஒரே ஆரவாரம்: “நம்ம ஊர்க்காரர்!” 1906இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கழகத்தைத் தொடங்கியவர், அதன்பொருட்டுச் சிறைப்பட்டுச் செக்கிழுத்தது இந்தக் கோயம்புத்தூர்ச் சிறையில்தானே. பிள்ளைகளுள் ஒருவன், அவருடைய கப்பல் கழகம் எத்தனை ஆண்டு நடந்தது என்று கேட்டான். சில ஆண்டுகள்தான், பிறகு முறிந்துபோனது என்றேன். “அவ்வளவுதானா?” என்று வியந்தான். அந்த வியப்பு எனக்குப் பின்னாளில் மீண்டும் நினைவுக்கு வந்தது.

அரங்கம் நிறையவில்லை. எங்களுக்குப் பின்வரிசையில், திருப்பூர் ஆலைகளில் வேலை செய்யும் வங்க இளைஞர்கள் சிலர் செம்மஞ்சள் கொடிகளுடன் அமர்ந்திருந்தார்கள். பொங்கல் விடுமுறையைப் பயன்படுத்தி வந்தவர்கள். அவர்கள் பாடினார்கள், எங்கள் பிள்ளைகளுக்குப் பாடத் தெரியவில்லை, ஆகவே அம்பாப் பாடலின் “ஏலேலோ ஐலசா”வை எடுத்துவிட்டார்கள். அரங்கத்தின் அந்த மூலையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அன்றும் சென்னை சிட்டியே வென்றது, 2–1. வெளியே வரும்போது அந்த வங்க இளைஞன் ஒருவன் எங்கள் பையனிடம் கைகொடுத்து, அரைகுறைத் தமிழில் எந்த ஊர் என்று கேட்டான். “கடல்” என்று மட்டும் இவன் சொன்னான். வங்கனுக்கு அது போதுமானதாக இருந்தது போலும், தலையசைத்தான்.

மார்ச் மாதம் வந்தபோது இரண்டே ஆட்டங்கள் மிச்சம். மார்ச் 1, வெள்ளிக்கிழமை, கோயம்புத்தூரில் சர்ச்சில் பிரதர்ஸ் அணியை வென்றால் கோப்பை உறுதி. 2–3 என்று தோற்றார்கள். அடுத்த புதன் திருநீற்றுப் புதன். நெற்றியில் சாம்பல் பூசும்போது ஒவ்வொரு முகத்தையும் அருகில் பார்க்கும் வாய்ப்பு குருவுக்குக் கிடைக்கிறது. அந்த ஆண்டு சில இளைஞர் முகங்களில் தவக்காலத்துக்குத் தேவையான துயரத்தைக் காட்டிலும் சற்றுக் கூடுதலாகவே இருந்தது. நாம் ஆண்டவரின் பாடுகள் என்று சொல்கிறோம். கடலோடி தன் பிடிப்பைப் பாடு என்கிறான். இரண்டுக்கும் ஒரே சொல் அமைந்தது எப்படி என்று மொழியறிஞர் சொல்லட்டும். கடற்கரையில் வாழ்ந்தவர்க்கு அதில் வியப்பு இராது.

கணக்கு இவ்வாறு நின்றது. சென்னை சிட்டி 40 புள்ளிகள். ஈஸ்ட் பெங்கால் 39. மார்ச் 9 சனிக்கிழமை மாலை இரு அணிகளுக்கும் கடைசி ஆட்டம், ஒரே நேரத்தில். சென்னை சிட்டிக்குக் கோயம்புத்தூரில் மினர்வா பஞ்சாப். முந்தின பருவத்தின் சாம்பியன்கள் அவர்கள். ஈஸ்ட் பெங்காலுக்குக் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளா. இவர்கள் சமன் செய்து அவர்கள் வென்றால், ஒரு புள்ளியில் கோப்பை கொல்கத்தாவுக்குப் போய்விடும்.

சனிக்கிழமை எங்கள் பங்கில் மாதா நவநாள். நேரத்தை மாற்றும்படி பிள்ளைகள் கேட்கவில்லை, நானும் மாற்றவில்லை. செபமாலை முடிந்து நான் மன்றத்துக்குள் நுழைந்தபோது உள்ளே அமைதி. ஆட்டம் தொடங்கிய மூன்றாவது நிமிடத்திலேயே ரோலண்ட் பிலாலா அடித்த கோலால் மினர்வா முன்னேறியிருந்தது. இடைவேளை வரை 0–1. விசைப்படகுகள் இன்னும் கரை திரும்பவில்லை. கடலில் வயர்லெஸ் அந்தச் செய்தியையும் சுமந்து சென்றிருக்கும். இடைவேளைக்குப்பின் தண்ட உதை கிடைத்தது. மான்சி அடித்தார், 1–1. அது போதாது. அதன்பின் பின்கள வீரரான கௌரவ் போரா முன்னே ஓடிவந்து ஒரு கோல் அடித்தார். கோழிக்கோட்டில் முதலில் கோகுலம் முன்னேறியது என்று ஒருவன் கத்தினான். பத்து நிமிடத்தில் ஈஸ்ட் பெங்கால் சமன் செய்தது என்றான். பிறகு அவர்களும் 2–1 என்றான். ஆக, இங்கே இன்னொரு கோல் விழுந்தால் எல்லாம் போயிற்று. ஆட்ட நேரம் முடிந்து கூட்டிய நிமிடங்களில் அதே போரா மறுபடியும் அடித்தார். 3–1. சென்னை சிட்டி 43, ஈஸ்ட் பெங்கால் 42. தமிழ்நாட்டு அணி ஒன்று ஐ-லீக் கோப்பையை வென்றது அதுவே முதல் முறை. மான்சியின் கோல்கள் அந்தப் பருவத்தில் 21.

பிள்ளைகள் கடற்கரைக்கு ஓடினார்கள். இருட்டத் தொடங்கியிருந்த மணலில் நூற்றுக்கு மேற்பட்டோர் கூடி நின்று ஆர்ப்பரித்தார்கள். 2018 மே மாதத்துக்குப்பின் அக்கரையில் அத்தனை பேர் ஒருசேர நின்றதை நான் அன்றுதான் பார்த்தேன். இரவு ஒன்பது மணியளவில் விசைப்படகுகள் திரும்பியபோது, முதல் படகு தொலைவிலிருந்தே விளக்கை அணைத்து அணைத்துப் போட்டது. எருசலேமின் தெருக்களில் சிறுவரும் சிறுமியரும் நிறைந்து விளையாடுவர் என்று இறைவாக்கினர் செக்கரியா, பாழடைந்து மீண்ட நகரத்தைப் பற்றிச் சொல்கிறார். மீட்பின் அடையாளமாக அவர் காட்டுவது கோவிலின் பொன்னை அன்று. தெருவில் ஆடும் பிள்ளைகளை. மறுநாள் ஞாயிறு மறையுரையில் அதைச் சொல்லலாமா என்று எண்ணினேன். தவக்காலத்தின் முதல் ஞாயிறு வேறு. பாலைநிலச் சோதனையைப் பற்றியே பேசினேன். பிள்ளைகள் முன்வரிசையில் உறங்கிவிட்டார்கள்.

அதே ஆண்டு மே 22. இறந்தோர்க்கான முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலியில் கோவில் நிறைந்திருந்தது. அன்றைய நாளில் விளையாட்டைப் பற்றி எவருக்கும் நினைவில்லை. இரவில்தான் ஒரு பெண்பிள்ளை தன் தந்தையுடன் பங்கு இல்லத்துக்கு வந்து, மதுரையின் சேது அணி லூதியானாவில் மணிப்பூர் காவல்துறை அணியை 3–1 என்று வென்று இந்திய மகளிர் லீக் கோப்பையைப் பெற்றது என்று சொன்னாள். ஒரே பருவத்தில் நாட்டின் இரு லீக் கோப்பைகளும் தமிழ்நாட்டுக்கு. அவள் வந்தது செய்தி சொல்ல அன்று. ஞாயிறு மாலைகளில் மணலில் ஆண்பிள்ளைகள் ஒரு மணி நேரம் இடம் ஒதுக்கவேண்டும், அதைச் சாமி சொல்லவேண்டும் என்று கேட்டாள். தந்தை தலையைக் குனிந்து நின்றார், மகளைத் தடுக்கவில்லை. அந்த நாளில் அதை ஏன் கேட்டாள் என்று நான் அவளிடம் வினவவில்லை. சென்ற ஆண்டு இறந்த பெண்பிள்ளை ஏறக்குறைய அவள் வயதினள்.

அடுத்த ஆண்டு, 2020 சனவரியில், ஆசியச் சாம்பியன்ஸ் லீக்கின் தகுதியாட்டத்துக்காகச் சென்னை சிட்டி பஹ்ரைனுக்குச் சென்றது; அல் ரிஃபா அணியிடம் 0–1 என்று தோற்றது. அங்கே மீன்பிடிப் படகில் வேலை செய்யும் எங்கள் பங்கு இளைஞன் ஒருவன், படகு முதலாளியிடம் அரைநாள் விடுப்பு வாங்கிக்கொண்டு ஆட்டத்துக்குப் போனான். தோற்ற ஆட்டத்தை ஒரு மணி நேரம் தொலைபேசியில் வருணித்தான். பின்னர்ப் பெருந்தொற்று வந்தது. பருவம் பாதியில் நின்றது. 2021–22 பருவத்தின் ஐ-லீக் அட்டவணையில் சென்னை சிட்டி என்ற பெயரே இல்லை. கோப்பை வென்று மூன்றாண்டு ஆகுமுன் இது நடந்தது.

பிள்ளைகள் இதைப் பெரிதாகப் பேசிக்கொள்ளவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. காசு உள்ளவரை நடக்கும், காசு தீர்ந்தால் கலையும் இந்தக் கழகங்களின்மேல் சாதாரண மக்கள் தம் அன்பை ஏன் வைக்கவேண்டும் என்று பங்கில் ஒரு பெரியவரிடம் கோபமாகக் கேட்டேன். அவர் இளமையில் முத்துக்குளிப்பில் படகிலிருந்து கயிறு பிடித்தவர். தூத்துக்குடியில் கடைசியாகச் சலாபம் நடந்தது 1961இல். அதற்குப்பின் பார்களில் சிப்பி சேரவில்லை. முத்துக்குளிப்பு மீண்டும் நடக்கவே இல்லை. அவர் சொன்னார்: “அறுபத்தொண்ணுல முடிஞ்சப்ப அதுதான் கடைசின்னு யாருக்குஞ் சாமி தெரியும்? அடுத்த வருசம் வரும்னுதான் கயித்தச் சுருட்டி வச்சோம். இன்னும் வீட்டுல கெடக்கு.” கயிற்றை ஏன் எறியவில்லை என்று நான் கேட்டதற்கு, நல்ல கயிறு சாமி என்றார்.

நான் அந்தப் பங்கைவிட்டு மாறி வந்து சில ஆண்டுகள் ஆகின்றன. சென்ற ஆண்டு ஒரு திருமணத்துக்காக அங்கே சென்றபோது ஞாயிறு மாலை. கடற்கரையில் இரண்டு கம்புகளை நட்டுக் கோல் எல்லை செய்திருந்தார்கள். விசைப்படகுக்காரர் மகன் ஒருவனும் வள்ளத்துக்காரர் மகன் ஒருவனும் பந்து எல்லை தாண்டியதா இல்லையா என்று உரக்கச் சண்டையிட்டுக்கொண்டிருந்தார்கள். சற்றுத் தள்ளிப் பெண்பிள்ளைகள் ஏழெட்டுப் பேர், தங்கள் நேரம் ஆகிவிட்டது, இடத்தை விடுங்கள் என்று கைகளை இடுப்பில் ஊன்றி நின்றார்கள். என்னைக் கண்டதும், “ஃபாதர், நீங்க சொல்லுங்க” என்று இரு பக்கமும் ஒரே குரலில் கத்தின. பந்து எல்லைக்கு வெளியே போயிற்று என்றேன். மணி ஐந்தாகிவிட்டது என்பதையும் சொன்னேன்.